மழை வராத மாதத்தில் மழைப் பாடம்: எருசலேம் நாட்குறிப்பு

வியாழன்

எருசலேமின் தென்பகுதியில் பாக்காவும் தல்பியோட்டும் அடுத்தடுத்து அமைந்த குடியிருப்புகள். பாக்காவின் தெருக்கள் பலவற்றுக்கு யூதா, ரூபன், லேவி, நப்தலி, பென்யமீன் என யாக்கோபின் பிள்ளைகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தைப் படித்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயர்ப்பலகைகளை எபிரேயத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தபடி நடப்பது இன்றைய காலைப்பொழுதுக்குப் போதுமான வேலையாக இருந்தது. 1892-இல் யாப்பாவுக்கும் எருசலேமுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயிலின் பழைய பாதையை இப்போது நடைபாதைப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். அதன் வழியே நடந்துதான் நான் சேர்ந்திருக்கும் கல்விச்சாலைக்குச் செல்ல வேண்டும்.

வளர்ந்த மனிதர்கள் தங்கள் வேலையைச் சில வாரங்களோ ஓராண்டோ ஒதுக்கிவைத்துவிட்டு, யூத நூல்களை அவற்றின் மூலமொழிகளான எபிரேயத்திலும் அரமேயத்திலும் முழுநேரமாகப் படிக்கும் இடங்கள் இந்நகரில் பல உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் அமர்ந்து, யார் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கேட்காமல் படிக்கும் முறைக்கு, 1972-இல் தொடங்கப்பட்ட பர்தெஸ் நிறுவனத்தை முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்லலாம். இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. தத்துவ அறிஞர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1920-இல் பிராங்க்பர்ட் நகரில் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். பட்டங்கள் பல பெற்றிருந்தும் தங்கள் மரபின் நூல்களை வாசிக்கத் தெரியாத பெரியவர்களே அதன் மாணவர்கள். மோசேயின் ஐந்து ஆகமங்களும் அவற்றை ஒட்டிய போதனையுமான தோராவிலிருந்து வாழ்க்கைக்கு வருவதே பழைய வழி என்றால், வாழ்க்கையிலிருந்து தோராவுக்குத் திரும்பிச் செல்வதே இக்காலத்தின் வழி என்று அவர் கருதினார். நான் சேர்ந்திருக்கும் இடமும் அந்த வழியில் வந்த ஒரு சிறிய கல்விச்சாலைதான்; யூதர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பிற்பகலில் ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அமர்த்தி, உயிர்க்குறிகள் இல்லாத நான்கு வரிகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எபிரேய எழுத்துகள் மெய்களை மட்டுமே காட்டுவன; உயிரொலிகளைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறிப்பது பிற்கால ஏற்பாடு. யூத வாய்மொழிச் சட்டத்தின் தொகுப்பான மிஷ்னாவும், அதையும் அதன்மேல் எழுந்த விவாதங்களையும் கொண்ட தால்மூதும் அந்தப் புள்ளிகள் இல்லாமலேயே வழக்கமாக அச்சாகின்றன. ஆகவே சொல்லை முன்பே அறிந்தவரால்தான் அதைச் சரியாக ஒலிக்க முடியும். இந்தச் சிக்கலை எப்படித் தாண்டுவது என்று கேட்டேன். "துணையோடு" என்றார் ஆசிரியர்.

வெள்ளி, சனி

ஓய்வுநாளில் எழுதுவது விலக்கப்பட்ட செயல் என்பதால், எனக்கு இடமளித்த வீட்டாரின் மனம் கோணாதிருக்க இரு நாள் குறிப்பையும் சனி இரவில் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பாக நகரெங்கும் சங்கு ஒலித்தது. சற்று நேரத்தில் பேருந்துகள் நின்றுபோயின. ஹெப்ரோன் சாலையின் நடுவே சிறுவர்கள் நடந்து போனார்கள்.

சனி காலை அருகிலிருந்த ஜெப ஆலயத்துக்குச் சென்றேன். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதை நினைக்கும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாளுக்கு முந்திய ஓய்வுநாள் இது. அன்று உபாகமத்தின் தொடக்கத்தையும், அடுத்து ஏசாயாவின் முதல் அதிகாரத்தையும் வாசிப்பார்கள். தோரா சுருளில் உயிர்க்குறியும் இல்லை, இசைக்குறியும் இல்லை, வசன எண்ணும் இல்லை. வாசிப்பவர் வீட்டில் அச்சுநூலைப் பார்த்து அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார். மேடையில் இருபுறமும் நிற்பவர்கள் ஒலி பிசகினால் உடனே குரல் கொடுத்துத் திருத்துகிறார்கள். அவரும் திரும்பிச் சென்று சரியாக வாசித்துவிட்டுத் தொடர்கிறார். ஊரறியத் திருத்தப்படுவதை யாரும் அவமானமாகக் கருதுவதாகத் தெரியவில்லை.

உபாகமம் முதல் அதிகாரத்தின் 12-ஆம் வசனத்தில், இம்மக்களின் பாரத்தை நான் ஒருவனாக எப்படிச் சுமப்பேன் என்று மோசே கேட்கிறார். அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் வாசிப்பவரின் இராகம் மாறியது. புலம்பல் நூலுக்குரிய இராகம் அது என்று பக்கத்திலிருந்தவர் காதோடு சொன்னார். வரப்போகும் துக்க நாளின் சாயலை ஒற்றை வசனத்தில் ஏற்றிக்காட்டும் இந்த வழக்கத்தைக் கண்ணால் வாசித்து அறிந்துகொள்ள வழியே இல்லை.

ஞாயிறு

இங்கே வாரத்தின் முதல் வேலைநாள் ஞாயிறு. பேத் மித்ராஷ் எனப்படும் படிப்புக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் என்னைத் தாக்கியது சத்தம்தான். நூலகத்தைப்போல் சுவரெங்கும் புத்தக அடுக்குகள். ஆனால் மேசைக்கு இருவராக அமர்ந்தவர்கள் உரக்க வாசிக்கிறார்கள், மறுக்கிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள், எழுந்து போய் அகராதியைத் தூக்கி வருகிறார்கள். இருவர் சேர்ந்து படிக்கும் இந்த முறைக்கு ஹவ்ருதா என்று பெயர். கூடப் படிப்பவரையும் அப்படியே அழைப்பார்கள். ஆசிரியரின் பாடத்துக்கு முன்பே இருவரும் அந்தப் பகுதியோடு மல்லுக்கட்டி முடித்திருக்க வேண்டும் என்பது விதி.

என் ஹவ்ருதா மான்செஸ்டரிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர். சிறுமியாக இருந்தபோது தாத்தாவின் மடியில் எழுத்து கற்றவர். பிறகு அரை நூற்றாண்டு அதைத் தொடாமல் இருந்தவர். எதையும் மறுத்துப் பார்க்காமல் ஏற்காத குணம் அவருக்கு. இரண்டு மணி நேரத்தில் அது தெரிந்துவிட்டது.

நாங்கள் எடுத்துக்கொண்டது மிஷ்னாவின் தானித் என்னும் பகுதி. நோன்புகளையும் மழை வேண்டுதலையும் பற்றியது. மே முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும் நாட்டில், ஜூலை வெயிலில் அமர்ந்து மழைப் பாடம் படிக்கிறோம். மழைக்கான வேண்டுதலைக் கூடாரப் பண்டிகை முடிந்து 15 நாள் கழித்தே தொடங்க வேண்டும் என்று இதன் முதல் அதிகாரம் சொல்கிறது. பண்டிகைக்கு எருசலேம் வந்தவர்களுள் கடைசி ஆள் ஐப்பிராத்து நதியை அடையும்வரை அவர் நனையாமல் ஊர் போய்ச் சேர வேண்டுமாம். தங்கள் வயலுக்கு மழை தேவைப்பட்டாலும், வழியில் நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்காக வேண்டுதலைத் தள்ளிவைத்த அந்தக் கணக்கு என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது.

மூன்றாம் அதிகாரத்தின் எட்டாவது மிஷ்னா (நூலின் ஒவ்வொரு பத்திக்கும் அதே பெயர்தான்), வட்டம் வரையும் ஹோனியின் கதை. மழைக்காக வேண்டும்படி மக்கள் கேட்கிறார்கள். பஸ்கா அடுப்புகள் கரைந்துவிடாதபடி உள்ளே எடுத்து வையுங்கள் என்கிறார் ஹோனி. வேண்டுகிறார், மழை வரவில்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்து அதற்குள் நின்றுகொண்டு, உமது பிள்ளைகளுக்கு இரங்கும்வரை இங்கிருந்து அசையமாட்டேன் என்று இறைவனின் பெயரால் ஆணையிடுகிறார். தூறல் விழுகிறது, நான் கேட்டது இதையன்று, கிணறுகளும் குழிகளும் குகைகளும் நிரம்பும் மழையை என்கிறார். கடுமையாகக் கொட்டுகிறது, இதையுமன்று, அருளும் ஆசியும் கொடையுமான மழையை என்கிறார். அப்படியே பெய்கிறது, ஆனால் நிற்கவில்லை. மக்கள் ஆலய மலைக்கு ஏறித் தங்க வேண்டியதாகிறது. நீ ஹோனியாக இல்லாவிட்டால் உன்னை விலக்கிவைத்திருப்பேன் என்று அக்காலத்து மூத்த அறிஞர் ஷிமோன் பென் ஷெதாஹ் சொல்லியனுப்புகிறார். தந்தையிடம் அடம்பிடிக்கும் பிள்ளையைப்போல் இறைவனிடம் நடந்துகொள்கிறாய், அவரும் உன் விருப்பத்தை நிறைவேற்றுகிறார், நான் என்ன செய்ய முடியும் என்பது அவருடைய வாதம்.

மிஷ்னாவின் எபிரேயம் இறுக்கமானது. கி.பி. 200-ஐ ஒட்டி ரப்பி யூதா ஹநாசி தொகுத்த இந்நூலில் ஒரு சொல்லையும் வீணாகச் செலவிட்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் என் படிப்பு இணையர் அடுப்புகளில் சிக்கிக்கொண்டார். மழைக்காக வேண்டப் போகிறவர் ஏன் அடுப்பைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் ஏன் பஸ்கா அடுப்பு? முற்றத்தில் வைத்திருக்கும் சுடாத மண் அடுப்புகள் நனைந்தால் கரையும் என்பது சரி. பண்டிகையின் பெயர் எதற்கு? மழை உறுதியாக வரும் என்ற துணிச்சலைக் காட்டவே அடுப்பு என்றேன் நான். அது அடுப்புக்கு விடை, பஸ்காவுக்கு விடையாகாது என்று அவர் ஒத்துக்கொள்ள மறுத்துவிட்டார். பாடவேளை முடிந்தும் நாங்கள் அந்த வரியைவிட்டு நகரவில்லை.

திங்கள்

இன்று கெமாரா, அதாவது மிஷ்னாவின்மேல் பாபிலோனிய அறிஞர்கள் நடத்திய விவாதம். வில்னா நகரில் ரோம் குடும்பத்தார் 1880-களில் அச்சிட்ட பதிப்பின் பக்க அமைப்பையே இன்றும் பின்பற்றுகிறார்கள். நடுவில் கட்டம்போல் மூலம். உட்பக்கம், 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷியின் உரை. வெளிப்பக்கம் ராஷியின் பேரர்களும் அவர் வழிவந்தவர்களும் எழுதிய தோசபோத்து என்னும் மறுப்புரைகள். ஓரங்களில் சிறிய எழுத்தில் இன்னும் பல. ஏட்டு எண்கள் அதற்கும் முந்தியவை. வெனிஸ் நகரில் தானியேல் பொம்பெர்க் என்ற கிறித்தவ அச்சகர் 1520 முதல் 1523 வரை அச்சிட்ட முதல் முழுத் தால்மூதின் ஏட்டெண்ணே இன்றுவரை தொடர்கிறது. நாங்கள் திறந்தது 23-ஆம் ஏட்டின் முன்பக்கம். தானித்துக்கு அச்சாகியுள்ள "ராஷி" உரை ராஷி எழுதியதே அன்று என்பது ஆய்வாளர் பலரின் முடிவு என்று ஆசிரியர் சொன்னபோது, மேசையிலிருந்த பாதிப் பேர் முகம் வாடினார்கள். உரையாசிரியர் யாராயினும் உரை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்று அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் நிறுத்தக்குறி எதுவும் கிடையாது. கேள்வி எங்கே முடிகிறது, விடை எங்கே தொடங்குகிறது என்பதை முதல் சொல்லைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். 'தனு ரபனான்' என்று வந்தால் மிஷ்னாவில் சேராத பழைய போதனை ஒன்று தொடர்கிறது. 'தா ஷ்மா' என்று வந்தால் யாரோ ஒரு சான்றோடு வருகிறார். 'மாய்' என்று வந்தால் கேள்வி. இந்தச் சிறு சொற்களின் பட்டியலை ஆசிரியர் சுவரில் ஒட்டியிருந்தார். பரிமேலழகர் உரையில் 'என்க', 'என்றவாறு' என்பவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவருக்கு இது பழகிய தடம்தான்.

அகராதி மார்கஸ் யாஸ்ட்ரோவுடையது, 1903-இல் முடிக்கப்பட்டது. இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய கனம். அடுக்கில் அதின் ஸ்டெய்ன்சால்ட்ஸின் பதிப்பும் இருக்கிறது. 1965 முதல் 2010 வரை ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டு, தால்மூது முழுவதற்கும் உயிர்க்குறியும் நிறுத்தக்குறியும் இட்டு, இன்றைய எபிரேயத்தில் விளக்கமும் எழுதிய பதிப்பு அது. கைப்பேசியில் செஃபாரியா என்ற இலவச நூற்களஞ்சியத்தைத் திறந்தால் மொழிபெயர்ப்பும் கிடைக்கும். முதல் இரண்டு மணி நேரம் இவை எதையும் தொடக்கூடாது என்பது ஆசிரியரின் கண்டிப்பு. மொழிபெயர்ப்பைப் பார்த்தவர் அடுப்பைப் பற்றிக் கேட்கமாட்டார் என்று அவர் சொல்லும் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அடுப்புக்கும் விடை கிடைத்தது. 'தனு ரபனான்' என்று தொடங்கிய பகுதியை இணையர் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்: ஒருமுறை ஆதார் மாதத்தின் பெரும்பகுதி கழிந்தும் மழை பெய்யவில்லை. ஆதாருக்கு அடுத்தது நிசான். நிசானின் நடுவில் பஸ்கா. பண்டிகை நெருங்கிவிட்டதால் அடுப்புகள் முற்றங்களில் தயாராக நின்றிருக்கின்றன, மழைக்காலமோ முடியப்போகிறது. மிஷ்னா சொல்லாமல் விட்ட காலத்தை ஒற்றைச் சொல்லில் வைத்திருந்திருக்கிறது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்து கையைத் தட்டினார். அக்கம்பக்கத்து மேசைகளில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிற்பகலில் வேதாகம வகுப்பு, நெஹாமா லெய்போவிட்ஸின் வழியில். 1905-இல் ரீகாவில் பிறந்த அவர், 1942 முதல் 1971 வரை வாரந்தோறும் வேதாகமப் பகுதிக்கான வினாத்தாள்களைத் தயாரித்து அஞ்சலில் அனுப்பிவந்தார். போர்வீரர்கள், கிப்புத்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகளின் உழவர்கள், ஆசிரியர்கள் எனப் பலரும் விடை எழுதி அனுப்ப, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். ராஷியின் உரையைப் படிக்கும்போது ராஷிக்கு இங்கே என்ன இடைஞ்சல் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அவர் நிலைநாட்டிய பயிற்சி. 1997-இல் மறைந்த அவருடைய கல்லறையில் பெயரோடு பொறித்திருக்கும் பட்டம் "ஆசிரியை" என்பது மட்டுமே.

செவ்வாய்

மிஷ்னாவில் எபிரேயம் பேசிய ஹோனி, கெமாராவின் இரண்டாம் கதையில் அரமேயச் சூழலுக்கு வந்துவிடுகிறார். சீயோனின் சிறையிருப்பைக் கர்த்தர் திருப்பும்போது சொப்பனம் காண்கிறவர்கள்போல் இருந்தோம் என்ற 126-ஆம் சங்கீத வரி அவரை வாழ்நாளெல்லாம் உறுத்தியதாம். பாபிலோன் சிறையிருப்பு 70 ஆண்டு. ஒருவர் 70 ஆண்டு உறங்கிக் கனவு காண முடியுமா? வழியில் ஒருவர் கரோப் மரக்கன்று நடுவதைப் பார்க்கிறார். அது காய்க்க 70 ஆண்டாகும் என்கிறார் நட்டவர். ஹோனி சாப்பிட்டு அயர்ந்து உறங்க, பாறை சூழ்ந்து அவரை மறைத்துக்கொள்கிறது. விழித்தபோது நட்டவரின் பேரன் காய் பறித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்குப் போகிறார், மகன் இறந்துவிட்டான், பேரன் இருக்கிறான், நான்தான் ஹோனி என்றால் யாரும் நம்பவில்லை. படிப்புக் கூடத்துக்குப் போகிறார். ஹோனி இருந்த காலத்தைப்போல் இன்று நம் பாடம் தெளிவாக இருக்கிறது என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். நான்தான் அவர் என்கிறார். அங்கும் நம்பவில்லை, உரிய மதிப்பும் தரவில்லை. மனம் நொந்து இரக்கம் வேண்டி இறந்துபோகிறார். ஒன்று துணை, இல்லையேல் சாவு என்று மக்கள் சொல்வது இதைத்தான் என்று ராவா என்னும் பாபிலோனிய அறிஞர் முடிக்கிறார்.

வீட்டில் நம்பாதபோது ஹோனி சாகவில்லை. கூடத்தில் நம்பாதபோதுதான் செத்தார் என்பதை இணையர் கவனித்தார். அவருடைய போதனை அங்கே உயிரோடு இருக்கிறது. எதிரில் அமர்ந்து மறுத்துப் பேச ஆள் இல்லை. கூடத்தின் புகழ்ச்சியே அவரைக் கொன்றது என்று நான் சொல்ல, அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

யோசேபஸ் என்ற வரலாற்றாசிரியர் இதே மனிதருக்கு வேறு முடிவு சொல்கிறார். வறட்சியில் வேண்டி மழை வருவித்த ஓனியாஸ் என்பவரை, கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பார் பிடித்துவந்து எதிர்த்தரப்பைச் சபிக்கச் சொல்கிறார்கள். இரு தரப்பின் வேண்டுதலையும் கேட்காதேயும் என்று அவர் இறைவனை வேண்ட, கல்லெறிந்து கொல்கிறார்கள்.

இஸ்ரேல் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் இரவு வரை திறந்திருப்பதால் மாலையில் சென்றோம். சாக்கடலோரக் கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருளின் நீளம் 7 மீட்டருக்கும் மேல். காட்சிக்கு வட்டமாக விரித்திருப்பது அதன் படி. எபிரேய வேதாகமத்தின் பழைய கையெழுத்துப் பிரதியான அலெப்போ சுவடி 930-ஐ ஒட்டி திபேரியாவில் எழுதப்பட்டது. 1947-இல் சிரியாவின் அலெப்போ நகர ஜெப ஆலயம் எரிக்கப்பட்ட கலவரத்துக்குப் பின் தோராவின் பெரும்பகுதி காணாமற்போய், இன்று உபாகமம் 28-ஆம் அதிகாரத்தின் நடுவிலிருந்துதான் தொடங்குகிறது. சனிக்கிழமை நான் கேட்ட ஒலிகளைப் புள்ளிகளாகப் பதிந்துவைத்த ஆரோன் பென் ஆஷேரின் கை அந்த ஏடுகளில் இருக்கிறது. வெளியேறும் வழியில் கொச்சியிலிருந்து கொண்டுவந்து மீண்டும் பொருத்திய கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மர வேலைப்பாட்டைக் கண்டேன். வாசிப்பு மேடை கீழே ஒன்றும், மாடத்தில் மற்றொன்றுமாக இருப்பது கேரள யூதரின் தனி வழக்கம்.

புதன்

மதிய உணவில் ஆவ் மாதத்தின் இந்த முதல் ஒன்பது நாளும் பலர் இறைச்சி தொடுவதில்லை, எனக்கு வசதியாயிற்று. யூதர் அல்லாதவன் தோரா படிக்கலாமா என்ற பேச்சை அங்கே நானே எடுத்தேன். தால்மூதின் சன்ஹெத்ரின் என்னும் பகுதியின் 59-ஆம் ஏட்டில், படிக்கும் புறத்தார் சாவுக்குரியவர் என்கிறார் ரப்பி யோகனான். படிக்கும் புறத்தார் பிரதான ஆசாரியருக்கு நிகர் என்கிறார் ரப்பி மெயிர். நோவாவின் பிள்ளைகளுக்கு, அதாவது மனிதர் எல்லாருக்கும் உரிய ஏழு கட்டளைகளைப் படிப்பவரையே மெயிர் சொன்னார் என்று கெமாரா சமாதானம் காண்கிறது. அப்படியானால் உங்கள் ஹோனி எந்தக் கட்டளையில் சேர்வார் என்று ஒருவர் கேட்க, மேசை இரண்டாகப் பிரிந்தது.

அதற்கு முன், காலையில் தானித்தின் 30-ஆம் ஏட்டை முடித்திருந்தோம். ஆவ் ஒன்பதாம் நாளில் தோராவும் தீர்க்கதரிசிகளும் மிஷ்னாவும் தால்மூதும் படிக்கக்கூடாது. ஏனெனில் படிப்பு இதயத்தை மகிழ்விக்கிறது, துக்க நாளில் மகிழ்ச்சி ஆகாது. யோபுவும் புலம்பலும் எரேமியாவின் கடிய பகுதிகளும் படிக்கலாம். அதே இடத்தில் இன்னொரு சலுகையும் உண்டு: ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத பகுதியைப் படிக்கலாம், புரியாமல் தவிப்பது துக்கமே. உங்களுக்கு எல்லாமே பழக்கமில்லாதது, ஆகவே நாளை முழுத் தால்மூதும் உங்களுக்கு அனுமதி என்று இணையர் எனக்குத் தீர்ப்பு வழங்கினார். அடுத்த வரியிலேயே வேறொரு ரப்பி யூதா அந்தச் சலுகையை மறுக்கிறார். பிற்கால நெறிநூல்களும் அவர் பக்கமே.

வியாழன்

நேற்றிரவு தரையில் அமர்ந்து புலம்பல் கேட்டோம். காலையில் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தாழ்வான பலகைகளில் அமர்ந்து, இந்நாளில் அனுமதிக்கப்பட்ட, தால்மூதின் கித்தின் என்னும் பகுதியின் 55-ஆம் ஏட்டின் கதையைப் படித்தோம். விருந்து வைத்தவர் நண்பர் காம்சாவை அழைத்துவரச் சொல்ல, பணியாள் பகைவரான பார் காம்சாவை அழைத்துவந்துவிடுகிறார். வெளியே போ என்கிறார் விருந்து வைத்தவர். என் உணவுக்கு, பாதி விருந்துக்கு, முழு விருந்துக்கே விலை தருகிறேன், அவமானப்படுத்தாதீர் என்று பார் காம்சா கெஞ்சியும் கையைப் பிடித்து வெளியேற்றுகிறார். அமர்ந்திருந்த ரப்பிகள் வாய் திறக்கவில்லை. பார் காம்சா உரோமரிடம் போய்க் கோள் சொல்ல, நகரம் அழிவை நோக்கிச் செல்கிறது.

குற்றம் விருந்து வைத்தவருடையதா, ரப்பிகளுடையதா என்று இணையர் தொடங்கியதும் ஆசிரியர் கைகாட்டி நிறுத்தினார். இன்று நேர்ப்பொருளை வாசிக்கலாம். கேள்வியும் மறுப்புமாக வாதாடுவது மகிழ்ச்சி தரும் படிப்பு, அது இன்றைக்கு ஆகாது என்றார்.

நட்சத்திரங்கள் தெரிந்து நோன்பு முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்த சற்று நேரத்தில் கைப்பேசியில் இணையர் அழைத்தார். ரப்பிகள் அமர்ந்திருந்தும் தடுக்கவில்லை, ஆகவே அது அவர்களுக்கு உவப்பே என்ற வரியை அவர் அரமேயத்தில் வாசித்துக் காட்டி, குற்றம் யாருடையது என்று ஏடே சொல்லிவிட்டது என்றார். அது பார் காம்சா தனக்குள் சொல்லிக்கொண்டது, ஏட்டின் தீர்ப்பன்று என்றேன். அப்படியானால் ராஷியைத் திறங்கள் என்றார்.